இறக்கத்தில் புரளும் கால்

கே: சாமைக் கொல்லைக்கு மேடேறும்போது ஒன்றும் ஆவதில்லை. திரும்பி இறங்கும்போதுதான் கால் புரள்கிறது. ஏன்? (ஜமுனாமரத்தூர் வாசகர்)

ப: கணுக்காலின் நடுவே உள்ள தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்கும். அகலமான பக்கம் இரண்டு கால் எலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்ளும். இறங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீண்டு தரையைத் தொடுகிறது, ஆப்பு தளர்ந்துவிடும். அந்த நொடியில் உங்களைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் வெளிப்பக்க ஜவ்வுதான். உருட்டுக்கல்லில் பாதம் உள்ளே மடிந்தால் முதலில் கிழிவதும் அதுவே.

கே: ஜவ்வும் நரம்பும் ஒன்றுதானே?

ப: இல்லை. எலும்பை எலும்போடு கட்டும் நார் ஜவ்வு. செய்தி கொண்டுபோவது நரம்பு. ஜவ்வு என்பது கொலாஜன் இழைகளால் ஆன கயிறு. இழைகள் லேசாகச் சுருண்டிருக்கும். இழுத்தால் முதலில் சுருள் நிமிரும், பிறகு விறைக்கும், அதற்கும் மேல் போனால் பிரி பிரியாக அறும். லேசான சுளுக்கு என்பது சில பிரி அறுந்த கயிறு.

கே: எப்போதும் வெளிப்பக்கமே வீங்குவது ஏன்?

ப: 1985-இல் ஓர் ஆய்வில் இறந்தவர்களின் கணுக்கால் ஜவ்வுகளை அறும்வரை இழுத்துப் பார்த்தார்கள். வெளிப்பக்கத்து முன் ஜவ்வு சுமார் 14 கிலோ பளுவுக்கு இணையான இழுப்பிலேயே அறுந்தது. உட்பக்க ஜவ்வு 70 கிலோவுக்கும் மேல் தாங்கியது. வேறு காரணம் வேண்டுமா?

கே: மூன்று வாரமாயிற்று, வீக்கம் வடிந்துவிட்டது. புளி மூட்டை தூக்கலாமா? (போளூர்)

ப: வேண்டாம், தயவுசெய்து. வீக்கம் போனது தோலுக்குத் தெரியும், ஜவ்வுக்குத் தெரியாது. முதலில் உருவாகும் தழும்பு இழைகள் மெல்லியவை, தாறுமாறாகக் கிடப்பவை. அவை இழுவிசையின் திசைக்கு ஒழுங்காகி உறுதிப்பட மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வலி பொறுக்கும் அளவுக்கு நடந்தால்தான் இழைகளுக்குத் திசை தெரியும். நடை சரி, மூட்டை பிறகு.

கே: அதே கால் மூன்றாவது முறை புரண்டுவிட்டது. விதியா?

ப: விதியில்லை, காரணம் இரண்டு. ஒன்று, நீண்டு ஆறிய ஜவ்வு தொளதொளவென்று கணுக்கால் மூட்டை ஆடவிடுகிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்முனைகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. கிழிந்தால் அந்தத் தகவலும் மங்கும். தசை தாமதமாக விழிக்கும். 1965-இல் இதை எடுத்துச் சொன்னவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன். அதற்கும் முன்பே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் இதைவிடக் கொடிய ஒன்றைக் கண்டார்: உணர்வு இழந்த பாதம் மறுபடி மறுபடி காயப்படும். உங்கள் பாதத்துக்கு உணர்வைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. வேப்பங்குச்சியால் பல் துலக்கும் நேரம் முழுக்க, சுவரருகே அந்த ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியபின் கண்ணை மூடி நில்லுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள்.

கே: சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா, புத்தூர் கட்டா?

ப: முதலில் எலும்பைப் பாருங்கள். நாலு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ.க்குள் தொட்டால் துடித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். அதற்குமுன் யாரையும் இழுத்துத் திருக விடாதீர்கள். அறுந்த கயிற்றை இழுத்துச் சரிசெய்ய முடியாது.

கே: சுளுக்கி ஐந்து வாரம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா?

ப: 14 கிலோமீட்டர். இன்றிரவே சோதித்துப் பாருங்கள்: அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், நல்ல கால் எத்தனை முறை செய்கிறதோ அத்தனை முறை. வலியும் ஆட்டமும் இல்லாமல் முடிந்தால் போய்வாருங்கள். முடியாவிட்டால் அடுத்த பௌர்ணமி.