தர்பூசணிச் சாற்றில் ஞானஸ்நானம்

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு கவுண்டிக்குத் தலைநகராக இருப்பது லேசுப்பட்ட பதவியில்லை. தலைநகரில் கோர்ட் இருக்கும். கோர்ட் இருந்தால் வக்கீல் வருவார், வக்கீல் பின்னாலேயே கட்சிக்காரர் வருவார், அவர் தங்க விடுதியும் தோற்றபின் ஆறுதல் தேட மதுக்கடையும் வரும். மனை விலை ஏறும். இல்லினாய் மாநிலத்து லோகன் கவுண்டிக்காரர்கள் இந்தப் பொருளாதாரத்தை நன்றாகப் படித்தவர்கள். 1839 தொடங்கிப் பதினாறே வருடங்களில் மூன்று தலைநகரங்களைப் பார்த்துவிட்டார்கள்.

முதலாவது போஸ்ட்வில். கவுண்டியையே சட்டமன்றத்தில் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தவர்களில் ஆபிரகாம் லிங்கன் என்ற நெட்டை உறுப்பினரும் ஒருவர். 1840இல் கட்டிய கோர்ட்டுக்கு அவரே வக்கீலாகவும் வந்தார். அந்தக் காலத்தில் நீதி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. நீதிபதியும் வக்கீல்களும் கூட்டமாகக் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்துவார்கள். ஒருநாள் லிங்கனின் வழக்கைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம் என்றும், தேடிப் போனால் பக்கத்துப் பொட்டலில் பந்தாடிக்கொண்டிருந்தார் என்றும் ஒரு கதை உண்டு.

1848இல் கோர்ட் மவுண்ட் புலாஸ்கிக்குப் போனது. அந்த ஊரார் கைக்காசைப் போட்டு, செங்கல்லில் இரண்டு மாடி கட்டி, இனி இந்த யுகம் முழுக்க நாமே தலைநகர் என்று நிம்மதியாக உட்கார்ந்தார்கள். யுகம் ஏழு வருடம் நீடித்தது.

கெடுத்தது ரயில். சிகாகோ பக்கம் போகும் தண்டவாளம் மவுண்ட் புலாஸ்கியைத் தொடாமல் விலகிப் போனது. தண்டவாளம் போகும் வழியில், ஆளில்லாத புல்வெளியில், மூன்று பேர் கூட்டாக நிலம் வாங்கியிருந்தார்கள். ஜான் கில்லெட், மாட்டுப் பண்ணையில் கொழித்தவர். ராபர்ட் லேதம், கவுண்டியின் ஷெரீஃப். வர்ஜில் ஹிக்காக்ஸ், ரயில் கம்பெனியில் கையுள்ளவர். பணமும் அதிகாரமும் தகவலும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன பிறக்கும்? லேஅவுட் பிறக்கும். தலைநகரை மாற்றலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. ஜனநாயகம் தண்டவாளத்தின் பக்கமே சாய்ந்தது.

பத்திர வேலைகளைப் பார்த்த வக்கீல் நம் நெட்டை மனிதர்தான். 1853இல் அவர் ஜனாதிபதியும் இல்லை, மகாத்மாவும் இல்லை. ஒரே ஒருமுறை காங்கிரஸுக்குப் போய்விட்டு வந்து, மறுபடி கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்ட மாஜி. அவர் பெயரையே ஊருக்கு வைக்கலாம் என்று கூட்டாளிகள் முடிவு செய்தார்கள். ‘வேண்டாமப்பா, லிங்கன் என்று பெயர் வைத்த எதுவும் இதுவரை உருப்பட்டதாக எனக்குத் தெரியாது’ என்கிற மாதிரி அவர் தடுத்துப் பார்த்தாராம். கேட்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று மனை விற்பனை தொடங்கியது. லிங்கன் தர்பூசணி வாங்கி, வெட்டி, சாற்றைப் பிழிந்து தரையில் ஊற்றி ஊருக்குப் பெயர் சூட்டினார். புதுக் கப்பலுக்கு ஷாம்பெய்ன் உடைப்பார்கள். புது மனைப்பிரிவுக்குத் தர்பூசணி தாராளம்.

உருப்படாது என்ற வாக்குக்கு ஊர் தன்னால் முடிந்த மரியாதை செய்தது. ஆசையாய்க் கட்டிய கோர்ட் 1857இல் எரிந்துபோனது. இப்போது ஊர் நடுவில் குவிமாடத்தோடு நிற்பது 1905இல் முடிந்த கட்டடம். லிங்கன் அதில் வாதாடியதாகச் சொல்ல வழியே இல்லை. பழைய போஸ்ட்வில்லை லிங்கன் ஊர் விழுங்கி ஏப்பம் விட்டது. போஸ்ட்வில்லின் மூல கோர்ட்டாவது மிஞ்சியதா? 1929இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு வந்தார். தன் அருங்காட்சியக கிராமத்துக்குப் பழைய கட்டடங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தவர், இதையும் விலைக்கு வாங்கிப் பிரித்து மிச்சிகனுக்குக் கொண்டுபோனார். ஊருக்கு நூறு வயதான 1953இல், போஸ்ட்வில்லில் அது முன்பு நின்ற இடத்திலேயே அதன் நகல் ஒன்று எழும்பியது. லோகன் கவுண்டியின் முதல் கோர்ட்டின் அசலைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் வேறு மாநிலத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

1865இல் லிங்கன் உயிரோடிருக்கும்போதே, அவர் பிறந்தநாளான பிப்ரவரி 12 அன்று, அவர் பெயரில் ஒரு கல்லூரிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். இரண்டு உலகப் போர்களையும் 1918 காய்ச்சலையும் தாண்டிய அந்தக் கல்லூரியை, கோவிட்டும் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்ட களவாணிகளும் சேர்ந்து 2022இல் இழுத்து மூட வைத்தார்கள்.

உருப்படியாக மிஞ்சியவற்றுள் ஒன்று நகராட்சிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நிற்கும் டெலிபோன் பூத். சூறாவளி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல 1960களில் வைத்தது. ஊர் முழுக்க நிலவறைக்கு ஓடும்போது, ஒருவர் மட்டும் மேலே ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ‘ஆமாம், வருகிறது’ என்று போன் செய்ய வேண்டும். அவருடைய தைரியத்துக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். சிலை தர்பூசணிக்குக் கிடைத்தது. ரயில் நிலையத்துப் பக்கம் போனால் தரிசிக்கலாம்.

மவுண்ட் புலாஸ்கி என்ன ஆனது? தலைநகர் பதவி போனதும் அங்கே யாரும் புது கோர்ட் கட்டவில்லை, எந்தக் கோடீஸ்வரரும் எட்டிப் பார்க்கவில்லை. இருந்த செங்கல் கட்டடத்தைப் பள்ளிக்கூடம், தபாலாபீஸ் என்று கைக்கு வந்தபடி பயன்படுத்தினார்கள். பிறகு அரசு எடுத்துப் பழையபடி சீர் செய்தது. லிங்கன் ஊர் ஊராகப் போய் வாதாடிய எட்டாவது சர்க்யூட்டின் கோர்ட்டுகளில் கட்டிய இடத்திலேயே அசலாக நிற்பவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று இதுதான். ஜெயித்த ஊருக்குப் பெயரும் ரயிலும் நகலும் கிடைத்தன. தோற்ற ஊருக்குச் சரித்திரம் கிடைத்தது. பாரம்பரியத்தைக் காப்பாற்ற விரும்பும் நகராட்சிகள் இதிலிருந்து பாடம் கற்கலாம்: கமிட்டி, நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். ரயில் பாதையை அடுத்த ஊருக்கு விட்டுக்கொடுத்தாலே போதும்.