தண்ணிக்கு லாரி வாடகை

ஏன் அப்புனு, மூணு ஏக்கரா மஞ்சக்காட்டை அழிச்சுப்போட்டு நேப்பியர் புல்லு நடப்போறயாமா? புல்லுல கேஸ் வருது, சாயப்பட்டறை பாய்லர் எரியுதுன்னு செல்போன்ல ஒருத்தன் சொன்னானாமா. சொன்னவன் கரணை விக்கறவன்தானே? நல்ல தொழிலப்பா அது! இந்தப் புல்லு கம்புக்கும் நேப்பியருக்கும் பொறந்த ஒட்டு, வெதை புடிக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க விட்ட கோ-4, கோ-5 எல்லாம் அந்த வகையறாதான். கரணை வெட்டி நட்டாத்தான் உண்டு. 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளின்னா ஏக்கராவுக்கு 13,000 கரணைக்கு மேல ஆகும். புல்லு விக்குதோ இல்லியோ, கரணை வித்துப்போயிரும்.

வளராதுன்னு சொன்னனா? நல்லா வளரும். 75 நாள்ல மொத வெட்டு, அப்பறம் 45 நாளைக்கு ஒருக்கா. ஆனா அது மாட்டுக் கணக்கு. கேஸுக்கும் எளசுதான் நல்லது. பாய்லர்க்காரனுக்கோ முத்தின தண்டு வேணும். அருவாளத் தீட்டறதுக்கு முந்தி, நீ வளக்கறது ஆருக்குன்னு முடிவு பண்ணிக்க.

சரி, பாய்லருக்கே குடுக்கறேன்னு வெச்சுக்க. பத்து டன் பச்சைப்புல்லுல ஏழெட்டு டன் தண்ணிதான் அப்புனு. அவனவன் குடிக்கத் தண்ணியில்லாம லாரி புடிக்கறான். நீ போர்த்தண்ணியப் புல்லுக்குள்ள ரொப்பி லாரில ஏத்தி அனுப்பற தர்மவான்! காயவெச்சுக் குடுக்கறயா? தண்டு கரும்பாட்டம் இருக்கும், நறுக்கிப் பரப்புனாத்தான் காயும். ஈரத்தோட குமிச்சியோ, உள்ளுக்குள்ள சூடேறிப் பூசணம் பூத்துரும். காஞ்சபொறவும் பஞ்சு மூட்டையாட்டம் லாரி ரொம்பும், எடை நிக்காது.

இன்னொரு கூத்து கேளு. பொட்டாசுக்கு நம்மாளுங்க வெச்ச பேரு சாம்பல் சத்து. புல்லு அதை மண்ணுல இருந்து வஞ்சனையில்லாம உறிஞ்சும். நீயும் காசு குடுத்து மூட்டை மூட்டையா வெப்ப. அதே சத்து பாய்லருக்குள்ள போயி, சிலிக்காவோட சேந்து உருகி, கண்ணாடிக் கட்டியாட்டம் ஒட்டிக்கும். பாய்லர்க்காரன் கடப்பாரையோட நின்னு உன்னைய வாழ்த்துவான்.

சாணத்தோட கரைச்சுக் கேஸாக்கறவன் பக்கத்துலயே இருந்தா, அது வேற கதை. பச்சையாவே வாங்கிக்குவான், காயவெக்கற வம்பில்லை. கழிவுக் கரைசலும் எருவாக் காட்டுக்கே திரும்பும்.

அதனால புல்லு வாங்கற கம்பெனிக்காரன் வந்தா ரெண்டே ரெண்டு கேளு: எடை பச்சையிலயா, காஞ்சதுலயா? லாரி வாடகை ஆரு தலையில? பதிலை எழுதி வாங்கிட்டு வா, கரணை வெட்ட என்ற அருவாளையே தாரேன். அதுவரைக்கும் ஒரு நாலு பாத்தி நடு. என்ற எருமை ரெண்டும் ரொக்கத்துக்கே வாங்கிக்கும்.