ஸ்டாக் டேலி ஆகவில்லை

மூக்கண்டப்பள்ளியில் இரும்புக்குப் பஞ்சம் என்றால் ஓசூரே சிரிக்கும். சிப்காட் பக்கம் நடந்துவிட்டு வந்தால் செருப்பில் லேத் சுருள் இரண்டாவது குத்தியிருக்கும். அங்கே ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் போல்ட், நட்டுக்குக் கணக்கு எழுதும் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.4. மூன்று மாதம் இரும்பு மாத்திரை விழுங்கிய பிறகு 8.6.

உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்குப் போட்ட கோடு 12. இந்த வேகத்தில் போனால் அங்கே போய்ச் சேர நாலே கால் வருஷம் ஆகும் என்று அக்காவே கணக்குப் போட்டார்.

அக்கா குடியிருக்கும் லைன் வீட்டில் வைத்தியத்துக்கா குறை? தமிழ் வீடு களி என்றது, கன்னட வீடு முத்தே என்றது, தெலுங்கு வீடு சங்கட்டி என்றது. மூன்றும் ஒரே கேழ்வரகு உருண்டைதான். அக்கா மும்மொழியிலும் தின்றார். ரத்தம் எந்த மொழியிலும் பதில் சொல்லவில்லை. கேழ்வரகில் இரும்பு உண்டு, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட்டும் உண்டு. பிறகு பீட்ரூட் வந்தது. நிறம்தான் ரத்தம், இரும்போ 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை எப்பம்மா போடுற?"

"காலைல ஷிப்டுக்குக் கிளம்பும்போது மேடம். டீயோட. கூடவே கால்சியம் மாத்திரையும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். டீயில் இருக்கும் டானின் இரும்பைக் கட்டிப்போடும். கால்சியம் குறுக்கே நிற்கும். இனி டீக்கும் மாத்திரைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம், மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு, கால்சியம் ராத்திரிக்கு.

"அப்ப ரெண்டு மாத்திரையாப் போட்டுச் சீக்கிரம் ஏத்திடலாமா?"

அதற்கும் வழியில்லை. இரும்பு மொத்தமாக வந்து இறங்கினால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற செக்யூரிட்டியை அனுப்பிக் குடலின் கேட்டைச் சாத்திவிடும். மறுநாள் வரும் லோடு வாசலிலேயே நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று ஜூரிக் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். அக்காவுக்கும் அதே ஏற்பாடு.

ஸ்டோர்ஸ்காரருக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபட்டது. ஆனால் டாக்டரம்மாவின் அடுத்த கேள்வி அவுட்வர்டு ரிஜிஸ்டரைப் பற்றியது. மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின்? எட்டு நாள், எண்ணிக்கை இல்லை. போல்ட்டை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர் இதை எண்ணியதே இல்லை. டாக்டரம்மா ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் ஒன்று.

அக்காவுக்குத் துணைக்கு ஆள் நிறைய. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. டீக்கடை பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் ஒருவர் நம்ம கட்சி.

அடுத்த மூன்று மாதத்தில் 10.9. மாத்திரைக்கு விடைகொடுக்கலாமா என்று அக்கா கேட்டார். "12 வந்தாலும் நிறுத்தக் கூடாது. இப்ப ஏறுறது லைன்ல ஓடுற சரக்கு. குடோன் நிரம்ப இன்னும் மூணு மாசம் ஆகும். குடோன் இருப்பைக் காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன்."

"அதான பார்த்தேன்," என்று எழுந்தார் அக்கா. "எங்க போனாலும் என்னை ஸ்டாக் எடுக்கத்தான் விடுறாங்க."