மஞ்சளும் மண்ணெண்ணெயும்

வெள்ளைக்காரனுக்குத் தீர்த்த நம்பிக்கை கிடையாது என்று யார் சொன்னது? வேல்ஸ் நாட்டில் லாண்டெக்லா என்றோர் ஊர். அங்கே அந்தக் காலத்தில் காக்காய் வலிப்புக்காரர் தெக்லா கிணற்றில் கைகால் அலம்பி, கூடையில் கோழியோடு மூன்று சுற்று வந்து, இரவு தேவாலயப் பலிபீடத்தின் அடியில் பைபிளைத் தலைக்கு வைத்துப் படுப்பார். ஆணுக்குச் சேவல், பெண்ணுக்குப் பெட்டை. கோழி செத்தால் வியாதி அதற்கு மாறிவிட்டதாகக் கணக்கு. அதே நாட்டு எலியான் கிணற்றிலோ காசு கொடுத்தால் வேண்டாதவன் பேரில் சாபமே போட்டுத் தருவார்கள். அந்தத் தொழில் பார்த்த ஜாக் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஜெயிலுக்குப் போனார்.

வேல்ஸ் இருக்கும் அந்த பிரிட்டன் தீவிலிருந்து வந்த துரைமார்தான் மலாயாவின் நெகிரி செம்பிலான் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்களின் மூடநம்பிக்கையைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கங்காணி ஆள்கட்டிக் கப்பலேற்றியபோது மாரியம்மனும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டாள். வேல்ஸ் கிணறு புனிதமாக ஒரு துறவியும் சில நூறு வருஷமும் வேண்டும். தோட்டத்து ஓடைக்கு அரைநாள் போதும். கரையில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசினால் கன்னிமார். குடத்தில் மொண்டு வேப்பிலை சொருகினால் கரகம். எல்லையில் நிற்கும் முனியாண்டிக்குச் சுருட்டும் சேவலும். கோழிக்கு மட்டும் எந்தத் தேசத்திலும் விடிவில்லை.

பிறகு காய்ச்சல் வந்து லயம் லயமாக ஆட்களைச் சாய்த்தது. ஆத்தா கோபம் என்றது லயம். கொசு என்றார்கள், 1901இல் கிள்ளானில் மலேரியாவோடு மல்லுக்கு நின்ற டாக்டர் மால்கம் வாட்சனும் அவர் வழிவந்தவர்களும். மலைப்பக்கத் தோட்டங்களின் குற்றவாளி அனாபிலிஸ் மாகுலேட்டஸ். மகா ஆசாரமான கொசு. சாக்கடையை ஏறெடுத்தும் பாராது. வெயில் பட்டு மினுங்கும் தெளிந்த ஊற்றுநீரில்தான் பிரசவம். கரகத்துக்கு லாயக்கான தண்ணீர் எதுவோ, அதுவே அதற்கும் லாயக்கு. நிழலாக நின்ற காட்டை அழித்து ஊற்றில் வெயில் விழவைத்தது யார் என்று துரையைக் கேட்கத்தான் ஆளில்லை.

பரிகாரம் கண்டார்கள்: ஓடையில் எண்ணெய் தெளிப்பது. தெளித்தவனும் தோட்டத்து ஆள்தான். சாமிக்கு மஞ்சள் கரைத்த கையே டாக்டருக்காக மண்ணெண்ணெயும் ஊற்றியது.

காய்ச்சல் தணிந்தது. எண்ணெய் ஜெயித்தது என்றார் டாக்டர். திருவிழாவுக்கு வசூல் செய்த கங்காணி, ஆத்தா இறங்கி வந்தாள் என்றார். துரை இரண்டு கட்சியிலும் சேரவில்லை. காலைப் பிரட்டில் தலை எண்ணினார், குறையவில்லை. அவருக்கு அதுவே பிரசாதம்.