கால் சுண்டுவிரலும் சிலம்பாட்டக்காரர் மானமும்: ஒரு முன்னாய்வு

கால்விரலைப் போர்க்கருவியாகக் கையாண்டதற்கு நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று கயிலாயத்தில் இருக்கிறது. மலையைப் பெயர்க்க வந்த இராவணனைச் சிவபெருமான் கால்விரலால் அழுத்திய செய்தியைச் சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் வைத்துவிடுகிறார். நசுங்கியவன் அலறியது வரை எல்லாம் தெரிகிறது. அழுத்திய விரல் மறுநாள் வீங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் வெறுங்காலில் கம்பு சுற்றும் சிலம்பாட்டக்காரர். களத்தில் அவருக்கு அடிபடுவது கைமுட்டியில்தான். கால் சுண்டுவிரல் அடிபடுவது வீட்டில், கரண்ட் போன இரவில், கட்டில்காலில். நாலு பக்கமும் வரும் வீச்சை விலக்குகிறவருக்கு, கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூலையில் கிடக்கும் கட்டிலை விலக்கத் தெரியவில்லையே என்று வியப்பவர்கள் சிலம்பம் அறியாதவர்கள். எதிராளியின் காலடியைப் பார்த்துத்தான் அடியைக் கணிக்க வேண்டும். கட்டில் காலடி மாற்றுவதே இல்லை.

பாதத்தின் 26 எலும்புகளில் 14 விரல்களுக்கு உரியவை. பெருவிரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மும்மூன்று. சுண்டுவிரலில் பலருக்குக் கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு சிறிய உறுப்புக்கு வைத்தியம் சொல்ல ஊரே வருகிறது. பாட்டி மஞ்சள் பத்துப் போடச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் ஐஸ் வைக்கச் சொல்வார். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். பாட்டி இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை. இன்னும் சிலர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, கையில் ஒரு கம்பும் காலில் ஒரு கம்புமாக நிற்பார்கள்.

விரல் கோணிவிட்டாலோ, அடிபட்டது பெருவிரல் என்றாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மற்றபடி நடுவே பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டுவதுதான் வழக்கம். உருப்படாத பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று நம் வீடுகளில் நம்புவதும் இதே சித்தாந்தம்தான். விரல் விஷயத்தில் அது உண்மையிலேயே பலிக்கிறது.

எலும்பு கூட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வலி அதற்கு முன்பே போய்விடும். ஆபத்தான காலம் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டுச் சுற்று மட்டும் பழக வேண்டியவர், யாரும் பார்க்காத நேரத்தில் மொட்டைமாடியில் தவளைப் பாய்ச்சல் பாய்ந்து பார்த்து, வாரக்கணக்கை முதலிலிருந்து தொடங்குவார். நுனிக்காலில் வலியில்லாமல் எழும்ப முடிகிறதா என்பதே சரியான சோதனை.

எலும்பைவிட வேகமாகக் கூடுவது, அடிபட்டதற்குச் சொல்லும் காரணம். முதல் வாரம் "லேசா இடிச்சுக்கிட்டேன்" என்றது, அடுத்த வாரம் "பயிற்சியில பட்டது" ஆகும். மூன்றாம் வாரம் எதிரே இரண்டு பேர் கம்போடு வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் இடதுகைக்காரர். இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு களத்துக்குத் திரும்புகிறவரின் பிளாஸ்திரியை வாத்தியார் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

"என்னப்பா, கட்டிலா, நிலைப்படியா?"