ஓட்டு உங்களுடையது, கோப்பு அவருடையது

புதுச்சேரி வாக்காளர் பொறுமைசாலி. வெயிலில் வரிசையில் நிற்கிறார். விரலை நீட்டி மை வைத்துக்கொள்கிறார். 30 எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்கள் சேர்ந்து ஒரு முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதல்வர் துணைநிலை ஆளுநருக்குக் கோப்பு அனுப்புகிறார். பிறகு காத்திருக்கிறார். ஐந்து வருடம் முடிந்துவிடுகிறது.

சிரிக்க வேண்டாம். சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1963-ம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி, அமைச்சரவை உதவியும் ஆலோசனையும் வழங்கும். ஆலோசனை பிடிக்கவில்லை என்றால் துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். நடைமுறையில் அது போய்ச் சேரும் இடம் உள்துறை அமைச்சகம். பதில் வரும்வரை, அவசரம் என்று தோன்றினால், அவரே உத்தரவு போடலாம். யாருக்குத் தோன்ற வேண்டும்? அவருக்குத்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே பூசாரியை அனுப்புவது தில்லி. உண்டியலில் காசு போடுவது மட்டும் நாம்.

2016 முதல் 2021 வரை கிரண் பேடி துணைநிலை ஆளுநராக ராஜ் நிவாஸ் மாளிகையில் இருந்தார். முதல்வர் நாராயணசாமி ஏழைகளுக்கு அரிசி கொடுப்போம் என்றார். பணமாகக் கொடுங்கள் என்றார் பேடி. தகராறு தில்லிக்குப் போனது. பேடி சொன்னதே நடந்தது. 2019 பிப்ரவரியில் முதல்வர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ் நிவாஸ் வாசலில் நடுத்தெருவில் படுத்தார். துணைநிலை ஆளுநரோ அதற்குச் சில நாள் முன்புதான் சாலையில் இறங்கி, ஹெல்மெட் போடாதவர்களை மடக்கிக்கொண்டிருந்தார். போக்குவரத்துக் காவலர் வேலையை ஆளுநர் பார்த்தார். எதிர்க்கட்சித் தலைவர் வேலையை முதல்வர் பார்த்தார். அரசாங்க வேலையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கூத்தில் பூட்டிய ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். கடைகள் மீண்டும் திறந்தது 2024 தீபாவளி சமயத்தில். இடைப்பட்ட காலத்தில் மாளிகையிலும் சரி, அமைச்சர்கள் வீட்டிலும் சரி, ஒருவேளைச் சோறும் குறையவில்லை.

அடுத்தது நியமன எம்.எல்.ஏ. விவகாரம். 2016 தேர்தலில் பாரதிய ஜனதாவுக்குப் புதுச்சேரியில் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் என்ன? 2017 ஜூலையில் மத்திய அரசு அக்கட்சியைச் சேர்ந்த மூவரை எம்.எல்.ஏ.வாக நியமித்தது. சபாநாயகர் மறுத்தார். பேடி இரவோடு இரவாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. 2021 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. சபையில் அப்போது மிஞ்சியிருந்த, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் ஆளும் தரப்பு 12, எதிர்த்தரப்பு 11. நியமனம் மூன்றைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு 14. ஆட்சி போனது. ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் ஆட்சியைக் கவிழ்க்கலாம் என்பதைப் புதுச்சேரி நாட்டுக்குக் காட்டியது.

இத்தனை அதிகாரம் உள்ள பதவிக்கு முழுநேரமும் ஓர் ஆள் உட்கார வேண்டாமா? வேண்டாமாம். 2021 பிப்ரவரி முதல் மூன்று வருடம் அது தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனின் கூடுதல் பொறுப்பு. 2024-ல் அவர் தேர்தலில் நிற்கக் கிளம்பியதும், அப்போதைய ஜார்க்கண்ட் ஆளுநர் சி.பி.ராதாகிருஷ்ணனுக்குத் தெலங்கானாவோடு சேர்த்துப் புதுச்சேரியும் கூடுதல் பொறுப்பானது. ராஞ்சிக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் பார்க்கக்கூடிய வேலைதான் இது. ஆனால் துணைநிலை ஆளுநர் கையெழுத்து இல்லாமல் புதுச்சேரியில் எதுவும் நகராது.

தில்லியில் கதை இன்னும் வெளிப்படை. 2021-ல் திருத்திய சட்டப்படி, தில்லி சட்டமன்றம் இயற்றும் சட்டங்களில் அரசு என்றால் துணைநிலை ஆளுநர் என்று பொருள். அதிகாரிகள் மீதான அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 11-ல் தீர்ப்பளித்தது. மே 19-ல் அவசரச் சட்டம் வந்து அதைப் பறித்தது. எட்டே நாள். கோப்புகள் தூங்கும் தேசத்தில் இந்த ஒன்றுக்கு மட்டும் இறக்கை முளைத்தது. ஸ்ரீநகரில் 2025 ஜூலையில் ஜம்மு காஷ்மீர் முதல்வர் உமர் அப்துல்லா, தியாகிகள் கல்லறையில் பாத்திஹா ஓதச் சுவரேறிக் குதித்தார். தடுத்தது அவர் பிரதேசப் போலீஸ். அந்தப் போலீஸ் துணைநிலை ஆளுநரின் கையில்.

இதைப் படித்துவிட்டு ஒரு கட்சியை மட்டும் திட்டிவிடாதீர்கள். மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1963 சட்டத்தைக் கொண்டுவந்தது காங்கிரஸ். அதன்பின் பல பத்தாண்டுகள் நாட்டை ஆண்டும் அந்த அதிகாரத்தில் கைவைக்காததும் காங்கிரஸ். தெருவில் படுத்த நாராயணசாமி, அதற்கு முன் பிரதமர் அலுவலக இணையமைச்சராக இருந்தவர். தில்லிக்கு முழு மாநிலத் தகுதி தர 2003-ல் மசோதா கொண்டுவந்தவர், பிறகு அதன் அதிகாரத்தைப் பறித்த அதே பாரதிய ஜனதாவின் அத்வானி. 2018-ல் துணைநிலை ஆளுநர் வீட்டு சோபாவில் ஒன்பது நாள் தர்ணா இருந்த அன்றைய தில்லி முதல்வர் கெஜ்ரிவால், மறுவருடமே ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதியை இழந்து யூனியன் பிரதேசமானபோது ஆதரித்தார். தன் தலையில் உட்கார்ந்தால் கொடுங்கோல். அடுத்தவன் தலையில் உட்கார்ந்தால் தேச நலன்.

மாநிலத் தகுதி கேட்டுப் புதுச்சேரி சட்டமன்றம் பத்து முறைக்கு மேல் தீர்மானம் போட்டுவிட்டது. தில்லியில் எல்லாக் கட்சியும் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்த தேர்தலில் கும்பிட்டபடி வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வாக்குறுதி எதுவும் கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தில்லியில் உங்கள் ஆட்சி நடந்தபோது, துணைநிலை ஆளுநரிடமிருந்து எந்த ஓர் அதிகாரத்தை வாங்கி எங்களுக்குத் தந்தீர்கள்? பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால், அவர் எந்தக் கட்சி என்று கொடியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.