குன்னூர் எலியின் வாரிசு

மதுரையில் பிறந்து, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தலை காய நின்று வளர்ந்தவனுக்கு வெயில் சத்து போதவில்லை என்று ரத்தப் பரிசோதனைக் காகிதம் சொன்னது. வைட்டமின் டி 11. இருபதுக்குக் கீழே போனாலே பற்றாக்குறையாம். முப்பதைத் தாண்டினால்தான் டாக்டர் முகத்தில் சிரிப்பு வரும். அடுத்த வரியில் பி12-உம் தரையோடு தரையாகக் கிடந்தது. அது பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கிற சரக்கு. காய், கீரை, பருப்பு எதிலும் கிடையாது. சைவக்காரனுக்குப் பாலும் தயிரும்தான் கதி. நான் குடிக்கிற காபியில் பால் பெயருக்குத்தான் விழும்.

"வாரத்துக்கு ஒண்ணு போடுங்க சார், அறுபதாயிரம் யூனிட்" என்றார் டாக்டர்.

யூனிட் என்றால் எனக்குத் தெரிந்தது மின்வாரிய யூனிட். அதில் முதல் 100 இலவசம். அறுபதாயிரம் என்றதும் வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், டி வைட்டமினில் 40 யூனிட் சேர்ந்து ஒரு மைக்ரோகிராம். அறுபதாயிரமும் சேர்ந்தாலும் ஒன்றரை மில்லிகிராம்தான். ஒரு கடுகின் எடை தேறாது. ஆனாலும் மருந்துக்கடைக்காரர் அட்டையின் மேல் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று என்று நினைத்து முழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர்கள் உண்டாம்.

மாத்திரையோடு வெயிலும் காயச் சொன்னார் டாக்டர். காலை இளவெயில் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அது உதவாதாம். சூரியன் சாய்வாக இருக்கும்போது தோலில் டி வைட்டமினைச் செய்கிற கதிர் கீழே அவ்வளவாக வந்து சேராது. உச்சியை நெருங்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். நம் கறுப்புத் தோலுக்கு வெள்ளைக்காரரைவிட அதிக நேரம் வேறு வேண்டும். ஆக, மதுரைக்காரன் எவனும் தெருவில் இறங்காத பதினோரு மணிக்கு, கைலியும் வெற்று மார்புமாக நான் மொட்டை மாடியில் நின்றேன்.

மாடி காலியாக இல்லை. மூன்றாவது மாடி அம்மா பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்து வைத்திருந்தார்கள். நாலு மூலைக்கும் செங்கல். முதல் நாள் என்னைப் பார்த்ததும் பதறிக் கீழே இறங்கிவிட்டார்கள். அடுத்த நாள் விஷயம் தெரிந்து, "சார், எப்படியும் நிக்கத்தானே போறீங்க, காக்காய மட்டும் பாத்துக்கங்க" என்று கையில் ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு இரண்டாவது மாடிக்காரர்கள் மிளகாய் வற்றல் கொண்டுவந்தார்கள். யாரோ கோதுமையைக் கழுவிப் பரப்பினார்கள். அடுக்ககத்தின் சம்பளமில்லாத காவலாளியாக நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். வடாம் எனக்கு முன்னால் காய்ந்தது.

கீழே வீட்டில் வேறு கூத்து. என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணிக்குக் குறையாமல் காபி இல்லாமல் இருக்க வேண்டும். அவளுக்கு இரும்புச்சத்தும் குறைவு. இரும்பு மாத்திரையைக் காபி, டீ பக்கத்தில் வைக்கக்கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் உடம்பில் நன்றாக ஒட்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் ஆகாது. கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. என் டி மாத்திரையோ கொழுப்பில் கரைவது. நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நெய் ரோஸ்ட் மருத்துவ காரணமாயிற்று. இவை அத்தனையையும் ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை போட்டு ஒட்டினாள். காபிக்கு எங்கே இடம் என்று தேடினேன். காலை நேரத்தில் எங்கேயும் இல்லை.

எங்கள் அம்மா ஊன்றுகோலோடு வந்து அதைப் படித்துவிட்டு, "எங்க காலத்துல ராகு காலம் எமகண்டம் மட்டும்தாண்டா பாத்தோம்" என்றாள்.

இந்தச் சத்து ஆராய்ச்சி எல்லாம் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப் வழியாக வந்தது என்று நினைத்திருந்தேன். கணிசமான பகுதி நம் குன்னூரிலேயே நடந்திருக்கிறது. ராபர்ட் மக்கேரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1920-களில் அங்கே பாஸ்டர் நிலையத்தில் எலி வளர்த்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் என்ன சாப்பிடுகிறார்களோ அதை ஒவ்வொரு கூட்டம் எலிக்குப் போட்டு, எது எப்படி வளர்கிறது என்று எடை பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று தின்ற சீக்கிய எலி முதலிடம். பட்டாணிய எலி அதற்கு அடுத்து. கடைசிக்கு முந்தின இடம் வங்காளி எலிக்கு. கடைசி? தீட்டிய அரிசிச் சோற்றை நம்பி வாழ்ந்த மதராஸ் எலி. குன்னூர்க் குளிரில், இலவசச் சாப்பாட்டில் இருந்தும் நம் ஆள் நோஞ்சானாக நின்றிருக்கிறான்.

அந்த எலியை நினைத்தால் எனக்கு ஒருவிதப் பங்காளிப் பாசம் வருகிறது.

ஆறுதலாக ஒன்று. அதே மக்கேரிசன், ஏழை வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதையும் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டப்பா இறைச்சி. அந்த எலிகள் வளராமல் போனதோடு, தங்களுக்குள் சண்டை பிடித்து, இளைத்ததைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன. நம்முடையது நோஞ்சான்தான், ஆனால் சாது.

குற்றவாளி மில். அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு பி1 போய்விடுகிறது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அது உள்ளே இறங்கிக்கொள்வதால் புழுங்கல் அரிசிக்காரர்கள் ஓரளவு தப்பித்தார்கள். 1912-இல் 'வைட்டமின்' என்ற பெயரை வைத்த காசிமிர் ஃபங்க் ஆராய்ந்ததும் அரிசித் தவிட்டைத்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் மல்லிகைப்பூ போல வெள்ளையான பச்சரிசி வாங்கி, தவிட்டை மாட்டுக்கு விட்டுவிட்டு, பி காம்ப்ளெக்ஸைத் தனியாக மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். மாடு எந்த டாக்டரிடமும் போவதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னதுதான் தப்பு. வீட்டுக்குச் சிறுதானியம் வந்துவிட்டது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எங்கள் வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது குதிரைவாலி உப்புமா, சாமைப் பொங்கல், வரகு புளியோதரை. தினை நல்ல சரக்குதான், நாரும் சத்தும் கூட. ஆனால் நூறு கிராமில் ஏறக்குறைய அறுபது கிராம் மாவுச்சத்து அதிலும் இருக்கிறது. "சிறுதானியம்தானே, சுகர் ஏறாது" என்று எல்லோரும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டோம். மேலும், வரகு வந்ததால் சோறு போகவில்லை. வரகு டிபன், சோறு சாப்பாடு.

தம்பி மகன் ஜிம்முக்குப் போகிறவன். "பெரியப்பா, உங்களுக்குப் புரோட்டீன் சுத்தமா இல்ல" என்று தன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினான். வே புரோட்டீன். சீஸ் செய்யும்போது பால் திரிந்து வடிகிற தண்ணீரிலிருந்து எடுப்பது என்று அம்மாவுக்கு விளக்கினான். அம்மா டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, மோந்து, விலையைக் கேட்டாள். சொன்னான்.

"பால் திரிஞ்சா உங்க பெரியம்மா அந்தத் தண்ணிய கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துவா. அதான் அது அப்படிச் செழிச்சு நிக்குது" என்று மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி ரத்தம் கொடுத்தபோது டி 34-க்கு ஏறியிருந்தது. பி12-உம் எழுந்து உட்கார்ந்திருந்தது. டாக்டர் சிரித்தார். பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3, போன தடவை 6.1.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்க. சோறு எவ்வளவு சாப்பிடுறீங்க?"

நான் குன்னூரிலிருந்து ஆரம்பித்தேன். மக்கேரிசன் வரை போயிருப்பேன்.

"எலிக் கதைய விடுங்க. ரசத்துக்கு எத்தனை தடவை போட்டுக்கிறீங்க, அதச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

பேச்சை மாற்ற, "சோத்தக் குறைக்காம சுகரை மட்டும் பிடிச்சு நிறுத்த மாத்திரை ஏதும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கே. முதல் வாய்ச் சோத்தோட போட்டுக்கணும். மாவுச்சத்து சீக்கிரம் செரிக்காம தடுக்கும். என்ன ஒண்ணு, செரிக்காதது குடல்ல போய்ப் புளிக்கும். காத்து பிரியும். ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாவே பிரியும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். மனைவி அவர் சீட்டின் மேல் கையை வைத்தாள்.

"எழுதாதீங்க டாக்டர். அவர் சோத்தையே குறைச்சுக்குவார்."